சந்து முனையில் கொட்டிய கஷாயச் சக்கை

ஷுமினுக்கு அந்தச் சந்தில் பிடிக்காதது எது என்று கேட்பதைவிட, பிடித்தது எது என்று கேட்டால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். ஒன்றுமில்லை. கல்யாணமாகி, ஆற்றங்கரை நகரமான ஹான்கோவின் இந்தப் பழைய சந்துக்குள் கால் வைத்த நாளில் மூக்கைச் சுளித்தவள், தலை நரைத்த பிறகும் சுளித்தபடிதான் இருந்தாள். துணி மில்லில் அவளுக்குக் கறை பார்க்கும் வேலை. வெள்ளைத் துணி கண் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். எண்ணெய்ப் பொட்டு, துருப் பொட்டு, கொசு நசுங்கிய பொட்டு எதுவும் அவளிடமிருந்து தப்பாது. அந்தக் கண்ணை மில்லிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா?

கோடையில் விடிகாலையில் கதவைத் திறந்தாலே அவளுக்குக் குமட்டும். சந்தின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டில்கள். அதில் அரைக்கால் டவுசரோடு ஆண்பிள்ளைகள், தொப்பையைத் திறந்து போட்டு, வாயைப் பிளந்துகொண்டு கிடப்பார்கள். அவர்கள் தலைமாட்டை ஒட்டியே பெண்கள் மலச்சட்டியைத் தூக்கிக்கொண்டு கழுவப் போவார்கள். தளும்பும். தளும்பினால் "அடடா" என்று ஒரு சொல், அதோடு சரி. பொதுக் குழாயடியில் ஒருத்தி அரிசி களைவாள். அவள் பக்கத்தில் நின்று ஒருவர் அடித்தொண்டையிலிருந்து காறித் துப்புவார். இன்னொருத்தி மீன் செதிலைச் சுரண்டி அங்கேயே விடுவாள். தலைக்கு மேலே கழிகளில் ஊர் உள்ளாடையெல்லாம் தொங்கும். கழுத்தில் சொட்டு விழுந்தால் ஷுமின் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். எதிலிருந்து விழுந்தது என்று தெரிந்துவிட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காது.

இதையெல்லாம்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். கஷாயச் சக்கையை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை.

யார் வீட்டில் நோயாளி இருந்தாலும், மருந்தைக் காய்ச்சி வடித்த பிறகு சட்டியில் மிஞ்சும் சக்கையை நடுவழியில் கொண்டுவந்து கவிழ்ப்பார்கள். கறுத்த வேர், ஊறிப்போன பட்டை, சில்வண்டு உரித்துப்போட்ட கூடு எல்லாம் ஆவி பறக்க ஒரு குவியலாகக் கிடக்கும். போகிற வருகிறவர்கள் மிதிக்க வேண்டும். மிதித்தவர் காலோடு நோய் போய்விடும். வீட்டு ஆள் மிதித்தால் செல்லாது. வெளியார் கால்தான் வேண்டும்.

"உன் வீட்டு நோயை ஊரான் காலில் ஒட்டி அனுப்புறதுக்கு வெட்கமா இல்லை?" என்று ஷுமின் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக் கத்துவாள். கத்திவிட்டு, விளக்குமாறும் முறமும் எடுத்து வந்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, அத்தனையையும் வாரிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் மில்லுக்குப் போவாள்.

போன குளிர்காலத்தில் எதிர்வீட்டு ஃபாங் அக்காவின் புருஷன் நெஞ்சுச் சளியோடு படுத்தார். ஃபாங் அக்கா தினமும் சக்கையைக் கொட்டினாள். ஷுமின் தினமும் வாரினாள். ஒருநாள் ஃபாங் அக்கா முறத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு, ஷுமின். யாராவது ஒருத்தர் மிதிக்கிற வரைக்குமாவது விடு."

"மிதிச்சவனுக்கு வந்தா நீ போய் மருந்து காய்ச்சிக் கொடுப்பியா?"

"நீதான் இதை நம்ப மாட்டியே! நம்பாதவளுக்கு யாருக்கு வந்தா என்ன, வராட்டி என்ன?"

"நம்பிக்கைக்காகச் சொல்லலைக்கா. அசிங்கம். வழுக்குது, நாறுது. மனுஷங்க நடக்கிற வழி இது."

"ஆமாம், நீ மட்டும் தாமரைப் பூ. நாங்கெல்லாம் கீழே இருக்கிற சேறு. போடி."

புது வருஷம் பிறப்பதற்குள் அவர் போய்விட்டார். ஃபாங் அக்கா ஷுமினைக் குறை சொல்லவில்லை. சந்துதான் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "அந்த விளக்குமாறு இல்லாட்டி மனுஷன் பிழைச்சிருப்பான்" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள், ஷுமின் காதில் விழும்படியாகவே. அறிவுகெட்ட ஜனங்கள் என்று அவள் நினைத்தாள். ஆனால் அன்றிலிருந்து சந்துக்கே ஒரு பழக்கம் வந்துவிட்டது. எல்லாரும் தரையைப் பார்த்து நடந்தார்கள். சக்கை கிடந்தால் விலகிப் போனார்கள். அவள் கத்திக் கத்திக் கற்றுக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வசந்தத்தில் ஷுமினின் புருஷன் ஹான்ஷெங்குக்குக் கண்ணில் மஞ்சள் இறங்கியது. ஈரல் கெட்டிருக்கிறது என்றார் வைத்தியர். ஆற்றில் படகு ஓட்டி, பானை போல இருந்த மனிதர், கோடை வருவதற்குள் கட்டிலோடு ஒட்டிப்போனார். ஷுமின் மருந்து காய்ச்சினாள். சக்கையைப் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, நூலால் சுற்றி, தொட்டியில் போட்டாள். சந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் தலையை நிமிர்த்தியே நடந்தாள்.

ஒருநாள் மாலை ஹான்ஷெங் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

"குடிச்சு என்ன ஆகப்போகுது? நோயை எங்கேயும் போக விடாம நீதான் பொட்டலம் கட்டி வெச்சிருக்கியே."

"நீங்களுமா? அந்த முட்டாள்தனத்தையா நம்பறீங்க?"

"நான் எதையும் நம்பல. பயமா இருக்கு, ஷுமின்." அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். "ஒரே ஒரு தடவை கொட்டு. யாரோ ஒருத்தர் மிதிச்சிட்டுப் போனாங்கன்னு தெரிஞ்சாப் போதும். குடிக்கிறேன். எவ்வளவு கசந்தாலும் குடிக்கிறேன்."

முப்பது வருஷத்தில் அவர் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. மருந்து உள்ளே போகாவிட்டால் அவர் பிழைக்க மாட்டார். அது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் வெளுக்கும்போதே ஷுமின் சட்டியைத் தூக்கிக்கொண்டு சந்து முனைக்குப் போனாள். கட்டில்களில் ஆட்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். திருடி மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கவிழ்த்தாள். கறுப்புக் குவியல் பொத்தென்று விழுந்து பரவியது. அதன் சாறு அவள் செருப்புக்குள் தெறித்துக் கால்விரலில் பட்டது. உடம்பெல்லாம் கூசியது. ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டு, சந்து முனை தெரிகிற ஜன்னலின் திரையை விலக்கி நின்றாள்.

சந்து எழுந்தது. மலச்சட்டிகள் போயின, வந்தன. யாரும் மிதிக்கவில்லை. கரிக்கட்டி வண்டி வந்தது. வண்டிக்காரர் சக்கரத்தைக்கூட வளைத்து ஓட்டினார். பல்பொடி நுரையோடு ஒரு கிழவர் அதன் ஓரமாக நின்று யோசித்துவிட்டு, அதன்மேல் துப்பிவிட்டுப் போனார். எத்தனை கால்! வெடித்த குதிகால், ரப்பர் செருப்பு, வெறுங்கால். ஒன்றுகூடத் தவறி அதன்மேல் படவில்லை. 'மிதியேன்டா, குருட்டு மூதேவி, மிதியேன்' என்று அவள் மனசுக்குள் ஒவ்வொருவரையும் பிடித்துத் தள்ளினாள். யாருடைய காலாக இருந்தாலும் சரி என்று இருந்தது. இதைத்தானே மற்றவர்கள் செய்தபோது அசிங்கம் என்றாள்? சந்து நாற்றம் ஒன்றுமே இல்லை, இப்போது நான்தான் நாறுகிறேன் என்று தோன்றியது. தோன்றியும் திரையை விடவில்லை.

அப்போதுதான் யான்லிங் வந்தாள். ஃபாங் அக்காவின் மகள். தர்பூசணி விதையைக் கொறித்து வழியெல்லாம் தோல் துப்புகிறவள்; ஷுமினிடம் அதிகம் திட்டு வாங்கியவளும் அவள்தான். எள்விழுது பிசைந்த நூடுல்ஸ் கிண்ணத்துக்குள் முகத்தைக் கவிழ்த்து, உறிஞ்சியபடியே வேலைக்கு நடந்து வந்தாள். தரையைப் பார்க்கவே இல்லை. நேராக வந்தாள்.

இவள் வேண்டாம் என்று ஷுமினுக்குப் பட்டது. யார் வேண்டுமானாலும் மிதிக்கட்டும், அந்த வீட்டுப் பெண் வேண்டாம். ஜன்னலைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தால் போதும். வாயும் திறந்தது. பின்னாலிருந்து ஹான்ஷெங் இருமினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. யான்லிங் பார்த்துவிட்டாள். சக்கையைப் பார்த்தாள்; அது எந்த வீட்டு மருந்து வாடை என்று இந்தச் சந்தில் யாருக்குத் தெரியாது? ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். திரை ஆடியதும் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு அவள் காலை வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். பிளாஸ்டிக் செருப்பின் ஓட்டைகள் வழியாகக் கறுப்புக் கூழ் பிதுங்கி விரல்களுக்கு நடுவே ஏறும்வரை நன்றாக நின்று மிதித்தாள்.

"சித்தி," என்று வாயில் நூடுல்ஸோடு குரல் கொடுத்தாள். "நல்லா மிதிச்சிட்டேன். எங்கப்பாவோடதை மிதிக்க நீங்க யாரையும் விடல. போகட்டும். சித்தப்பா என்ன பண்ணுவாரு, பாவம்."

செருப்பை நடைக்கல்லில் தேய்த்தாள். ஒரு ஊறுகாய்த் துண்டு பல்லில் மாட்டியிருக்க வேண்டும், அதைத் துப்பினாள். கிண்ணத்துக்குள் மறுபடி முகத்தை விட்டுக்கொண்டு தெருவுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

ஷுமின் கழுவுத்தொட்டிக்கு ஓடி ஓங்கரித்தாள். ஒன்றும் வரவில்லை. தன்னைத்தானே வாந்தியெடுக்க முடியுமா என்ன?

"யாராவது மிதிச்சாங்களா?" என்று உள்ளேயிருந்து ஹான்ஷெங் கேட்டார்.

"மிதிச்சாங்க."

"யாரு?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "தெரியல. வழியில போன யாரோ."

அவர் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார். அவள் கிண்ணத்தைக் கொடுத்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.