மடியில் வைத்த பை

வலன்ரைன் பள்ளிமுனைக் கடலில் கடலட்டைக்குச் சுழியோடியவன். 2013இல் ஒரு நாள் சிலிண்டரில் காற்று முடிய, ஆழத்திலிருந்து நிறுத்தி நிறுத்தி வராமல் ஒரேயடியாக மேலே வந்துவிட்டான். அப்படி வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி முள்ளந்தண்டைத் தாக்கும்; வள்ளத்தில் ஏறியவன் பிறகு எழும்பி நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சலம் போவதற்கு ரியூப் போட்டு, நுனியில் ஒரு பிளாஸ்ரிக் பையைக் கொழுவிவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்ப முன்னர் நேர்ஸ் இந்திராதேவி அவனுடைய மனைவி பெற்றிசியாவைக் கூப்பிட்டுக் காட்டிக் கொடுத்தாள்.

"கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத்தான் தொடவேணும். நல்லாத் தண்ணி குடிக்கக் குடுங்கோ. பை எப்பவும் இடுப்புக்குக் கீழ தொங்கவேணும். மேல தூக்கினா சலம் திரும்பி உள்ள போகும், கிருமியும் சேந்து போகும்."

பெற்றிசியா இரண்டு தரம் செய்து காட்டினாள். வலன்ரைன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான்.

மாதத்துக்கு ஒருமுறை ரியூப் மாற்ற ஓட்டோ பிடிக்கவேண்டும். கிளினிக்கில் பை இல்லாத மாதங்களில் பாமசியில் வாங்கவேண்டும். அதற்காக அவள் கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போனாள். அவனோ பை நிறையக்கூடாதென்று தண்ணீரைக் குறைத்தான். ஆட்கள் வந்தால் சாரத்தை இழுத்து அதை மூடினான். ஞாயிறு பூசைக்குப் போவதையும் விட்டான்.

அடுத்த வருட ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வரச் சம்மதித்தான். அங்கே முன்பு அவனோடு சுழியோடிய சிங்கராசாவும் வேறு மூன்று பேரும் அவனைக் கண்டு வந்தார்கள். அவர்கள் கிட்ட வருமுன் வலன்ரைன் தான் இருந்த சில்லுக்கதிரைக்குக் கீழே தொங்கிய பையைக் கழற்றி, மடியில் வைத்துத் துவாயால் மூடினான்.

"இஞ்சேருங்கோ..." என்று பெற்றிசியா தொடங்கினாள். அவன் கண்ணாலேயே தடுத்தான்.

சிங்கராசா பழைய கதை ஒன்றை எடுத்தான். வலன்ரைன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று இருந்துவிட்டாள். பேச்சு பின்னேரம் வரை போயிற்று, பை மடியிலேயே கிடந்தது.

மறுநாள் குளிர்காய்ச்சல் பிடித்தது. மூன்றாம் நாள் பிதற்றினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பையில் கலங்கிய சலம் கொஞ்சம்தான் கிடந்தது. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டொக்டர்.

"பையை மேல வைச்சனீங்களோ?" இந்திராதேவி கேட்டாள்.

"ஓம் மிஸி. மடுவில."

"நான் சொல்லித் தந்தனான்தானே."

"ஓம். எனக்குத் தெரியும்."

இந்திராதேவி பையை மாற்றிக் கட்டிலுக்குக் கீழே கொழுவினாள்.

ஐந்தாம் நாள் வலன்ரைன் இறந்தான். செத்தவீட்டில் சிங்கராசா அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "அண்டைக்கு மடுவில எவ்வளவு சந்தோசமா இருந்தவன், தங்கச்சி" என்றான்.

"ஓம் அண்ணை, சந்தோசமாத்தான் இருந்தவர்."

பார்த்துக்கொண்டும் பேசாமல் இருந்ததைத் தன் பாவமென்று அவள் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். அது பாவமில்லை என்றார் சுவாமியார். அடுத்த சனிக்கிழமையும் போய் அதையே சொன்னாள்.