அரங்கநாதன் வீட்டு ஹங்கேரிக் கத்தி

கடைசி மல்லாட்டை மூட்டையையும் அரிவாளால் கிழித்துத் தரையில் கொட்டினாள் கிளாரா. வேர்க்கடலைக் காய்கள் அறை முழுக்கச் சிதறி ஓடின. இரண்டு கைகளையும் விட்டுத் துழாவினாள். மண்ணும் சருகும்தான் வந்தன. கத்தி இல்லை.

"வெதைக்கு வச்ச மல்லாட்டடி அது," என்றாள் வாசற்படியில் நின்ற மாமியார் சூசை மேரி. "எம்புள்ள திருடிட்டான்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"முடிவு பண்ணல அத்தே. கெடச்சா அவர வூட்டுக்கு இட்டாரலாம், அவ்ளோதான்."

"கெடைக்கலன்னா?"

"கொஞ்சம் தள்ளிக்குங்க. அரிசிப் பானைய பாக்கணும்."

அரிசிப் பானையிலும் இல்லை. பரணில் இல்லை, கோழிக் கூண்டில் இல்லை, மாதா சுரூபத்துக்குப் பின்னாலும் இல்லை.

கிளாராவின் கணவன் லூர்து பிரகாஷ் விழுப்புரத்தில் அரங்கநாதனுக்குக் கார் ஓட்டுபவன். அரிசி ஆலையை விற்றுவிட்டு உட்கார்ந்த அரங்கநாதனுக்குப் பழைய பட்டாளத்துச் சாமான் என்றால் பித்து. கண்ணாடி அலமாரி நிறையத் தொப்பியும் பதக்கமும் வாளும். அதில் அவர் உயிராக வைத்திருந்தது, ஹங்கேரி ராணுவ அதிகாரிகள் விழா நாட்களில் இடுப்பில் தொங்கவிடும் ஒரு குத்துவாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புதுச்சேரிக்காரர் ஒருவர் சைகோனிலிருந்து கொண்டுவந்தது. அலமாரியைத் துடைப்பது லூர்து பிரகாஷ். சாவியும் அவனிடம்தான்.

இப்போது அலமாரியில் இருப்பது போலி என்கிறார் அரங்கநாதன். அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டான் என்று புகார். நேற்று அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். சாயங்காலத்துக்குள் அசல் வந்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாக அவரே கிளாராவுக்குப் போன் செய்திருந்தார். வராவிட்டால் மாஜிஸ்ட்ரேட், அப்புறம் கடலூர் ஜெயில்.

வெறுங்கையோடு திண்டிவனத்தில் பஸ் ஏறினாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கிளாரா எழுந்து படிக்கட்டுக்குப் போனாள்.

"எறங்கி ஓடுனாலும் இதே ரோடுதாம்மா. ஒக்காரு," என்றார் கண்டக்டர்.

உட்கார்ந்தாள். அவன் எடுத்திருக்க மாட்டான் என்றது மனசு. அப்படியானால் நேற்று ஸ்டேஷனில் ஏன் அவள் முகத்தையே பார்க்கவில்லை? தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தானே, அது எதற்கு?

அரங்கநாதன் அவளுடைய கையைத்தான் முதலில் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லாம வந்திருக்கிற."

"வூட்டையே பேத்துப் பாத்துட்டேங்கய்யா." காலைப் பிடித்துக்கொண்டாள். "அவரு எடுத்திருக்க மாட்டாருங்க."

"கால விடு. எழுந்து இத பாரு." அலமாரியில் இருந்த குத்துவாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். கைப்பிடி முடியும் இடத்தில் குறுக்குக் கட்டை, அதன்மேல் கிரீடம், கிரீடத்தின் உச்சியில் நெல்மணி அளவில் ஒரு சிலுவை. "அவங்க ராஜாவோட நெஜக் கிரீடத்துலயே சிலுவை ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். என்னைக்கோ சாஞ்சிடுச்சு, அப்படியே விட்டுட்டாங்க. அசல் கத்தியிலயும் அதே சாய்வுதான். போலி பண்றவன் அந்த விவரம் தெரியாம நேரா வச்சிடுவான். இது எப்படி இருக்கு?"

"நேராத்தாங்க இருக்குது."

"போட்டோ எடுத்து மும்பையில இந்தச் சாமான் வெவரம் தெரிஞ்ச ஒருத்தருக்கு அனுப்புனேன். பாத்ததும் சிரிச்சிட்டாரு. என்னைப் பாத்து சிரிச்சிட்டாரு."

"மத்ததெல்லாம் பாத்தீங்களாங்க?"

முறைத்தார். ஆனாலும் உறையிலிருந்து உருவினார். கூர் தீட்டாத அலகு, இரண்டு பக்கமும் கொடிப் பூ வேலை. நகத்தால் வருடினார். பள்ளம் ஆழமாகத் தட்டுப்பட்டது. போலியில் அது வெறும் கோடாக வழுக்கிக்கொண்டு போகும். பூவுக்குக் கீழே ஒரு கறுப்புத் துருப்புள்ளி. உறையின் நுனியில் ஒரு நெளிசல். அவர் கை நின்றது.

"அலகு என்னுதுதான்," என்றார் மெதுவாக. "உறையும் என்னுதுதான்."

கிளாரா கையைக் கூப்பினாள். "அப்டின்னா..."

"கைப்பிடிய மட்டும் மாத்தியிருக்கான். கெட்டிக்காரப் பய. வா, அவனையே கேப்போம்."

கூப்பிய கையை இறக்காமலே அவர் பின்னால் போனாள்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு கிளம்பத் தயாராக இருந்தார். "ஜல்தி பேசி முடிங்க சார். கோர்ட்டுக்கு வண்டி வந்துடுச்சு."

பெஞ்சில் லூர்து பிரகாஷ். அரங்கநாதன் குத்துவாளை மேசையில் வைத்ததும் அவன் தலை இன்னும் கீழே போனது.

"கைப்பிடி எங்கடா?"

"எடுக்கலீங்கய்யா."

"வேற யார்கிட்ட சாவி இருக்கு? உன் மாதாகிட்டயா?"

கிளாரா அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவன் எங்கே பார்த்தாலும் அவள் முகம்தான் தெரியும்படி உட்கார்ந்தாள்.

"வெதை மல்லாட்டைய கூட கிழிச்சுக் கொட்டிட்டேங்க. ஒங்கம்மா என்ன பேசாத பேச்சில்ல. திருடியிருந்தா சொல்லுங்க, ரெண்டு பேருமா வுழுந்து மன்னிப்பு கேட்டுக்கலாம். திருடலன்னா ஏன் என் மூஞ்சிய பாக்க மாட்டேன்றீங்க? இன்னாத்த மறைக்கிறீங்க?"

இப்போதுதான் அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வெளியே வேன் டிரைவர் ஹாரன் அடித்தான்.

"துணியத் தவிர வேற எதுவும் அது மேல படக்கூடாது, பட்டா வேல போயிடும்னு ஐயா சொல்லியிருந்தாரு," என்றான் லூர்து பிரகாஷ் கிளாராவிடம். "அதான் வாயத் தொறக்கல. இவங்களும் எடுத்தியா எடுத்தியான்னே கேட்டாங்க. எடுக்கலன்னேன்."

"அப்ப என்னடா பண்ணின?" அரங்கநாதனின் குரல் மாறியிருந்தது.

"பெரிய வெள்ளிக்கு முந்தின நாளுங்கய்யா. தொடைச்சிக்கினு இருந்தேன். ஆண்டவரோட சிலுவ சாஞ்சி கெடந்துச்சி. அத அப்டியே வுட்டுட்டு எப்டிங்க வர்றது? கார்ல இருந்த கொறடு எடுத்தாந்து, நான்தாங்க நிமித்தி வச்சேன்."