புதன்கிழமை வந்த வண்டி

குப்பை வண்டியின் பாட்டு தெருமுனையில் கேட்டால் போதும், எங்கள் சந்தில் சமைத்துக்கொண்டிருப்பவர்கள்கூட அடுப்பை அணைத்துவிட்டுப் பையோடு ஓடிவருவார்கள். வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும், மேயரே வந்தாலும் காத்திருக்காது. வர முடியாதவர்கள் பையைக் கட்டி வாசற்படியில் வைத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துப்போய்ப் போட்டுவிடுவார். கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். தைவானில், இந்தத் தைனான் நகரத்தில் இருபது வருஷமாகச் சலவைக்கடை வைத்திருக்கிறேன். எதிர்க்கடை சியூ-கிம்மின் பையை எப்போதும் நான்தான் போடுவேன். அவளுக்கு முழங்கால் வலி. வாயில் ஒரு வலியும் கிடையாது.

சியூ-கிம் நடத்துவது காலைச் சிற்றுண்டிக் கடை. ஒரு நாளைக்கு முந்நூறு முட்டை உடைப்பாள். அவளுடைய அண்ணன் மகள் வென்-லிங்குக்கு எட்டு வயது. அப்பன் தூரக்கடலில் மீன்பிடிக் கப்பலில் இருந்தான். அம்மா வேறொருவனைக் கட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டாள். அத்தை சோறு போடுவாள், திட்டுவாள். உட்கார்ந்து பேச அவளுக்கு ஏது நேரம்? பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்கு ‘எண்ணெய்ச் சட்டி’ என்று பெயர். மேலே முட்டை பொரித்த வாடை அடிக்கிறதாம். பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள்.

செப்டம்பரில் புயலடித்து ஓய்ந்த மறுநாள் என் கடைக்கு வந்தாள். சீருடைச் சட்டையில் எதையோ சுற்றி மார்போடு அணைத்திருந்தாள்.

“சித்தி, இதை உங்க மெஷின்ல காய வைக்கலாமா? ஆனா சுத்தக் கூடாது.”

பிரித்துப் பார்த்தேன். கொய்யாப்பழ அளவில் ஒன்று, ஈரமான டோஃபு, அதுதான் சோயாப்பால் கட்டி, அதன் வெளிர் நிறம். ஆறு குட்டைக் கால்கள், உச்சியில் ஒரு துளை. அவ்வளவுதான்.

“என்னடி இது, தவளையா?”

“தவளைக்குக் கண்ணு இருக்குமே சித்தி.”

“எங்க கிடைச்சுது?”

விரலை மேலே நீட்டினாள்.

“மொட்டை மாடியிலயா?”

“மாடியிலதான் விழுந்துச்சு. வந்தது அதுக்கும் மேல இருந்து.”

சரிதான், பிள்ளைக்குத் தனிமையில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குள் அது என் இஸ்திரி மேஜையில் தூங்கிப்போனது. தூங்கத் தூங்க மேஜையிலிருந்து ஒரு விரல் உயரம் எழும்பி அப்படியே நின்றது. நான் ஷட்டரை இறக்கினேன்.

“யாருகிட்டயும் சொல்லாதீங்க சித்தி. பிடிச்சுட்டுப் போயி அறுத்துப் பார்ப்பாங்க.”

சொல்லவில்லை. அது ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்தேன்.

டோடோ என்று பெயர் வைத்தாள். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தெர்மாக்கோல் பெட்டியில் வளர்த்தாள். அது தின்றது முட்டை ஓடு மட்டும். அந்த வீட்டில் அதற்கா பஞ்சம்? பள்ளிவிட்டு வந்ததும் அன்று யார் என்ன சொன்னார்கள், யார் தள்ளிவிட்டார்கள் எல்லாவற்றையும் அதனிடம் கொட்டுவாள். அழுதால் அது சூடாகும், வெந்நீர்ப் பை மாதிரி. என்னிடமும் இப்போது சிரித்துப் பேசினாள். பொறாமையாகக்கூட இருந்தது எனக்கு.

அது கற்றுக்கொண்ட ஒரே பேச்சு குப்பை வண்டியின் பாட்டு. உச்சித் துளையால் அச்சு அசலாக முனகும்.

“உலகத்துல வேற பாட்டே இல்லையாடி?”

“அந்தப் பாட்டு கேட்டா எல்லாரும் வெளிய ஓடி வர்றாங்கல்ல? மாடியில இருந்து அதுவும் கவனிச்சுட்டுதான இருக்கு. இங்க ஆளைக் கூப்பிடுறது இப்படித்தான்னு நெனச்சுக்கிச்சு. பாடினா நான் ஓடிப் போவேன்.”

சீன வருஷப் பிறப்புக்கு முந்தைய புதன்கிழமை. சந்து முழுக்கப் பெரிய துப்புரவு. சியூ-கிம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வைத்திருந்தாள். ஆள் மாடியேறுவதற்குள் வென்-லிங் டோடோவைக் கீழே கொண்டுவந்துவிட்டாள். கடைக்குள் வைத்தால் அத்தை கண்ணில் படும். அதனால் முட்டை ஓட்டுப் பைக்குள் அதை இறக்கி, மூச்சுக்கு இடம் விட்டுத் தளர்வாக முடிந்து, வாசற்படியில் வைத்தாள். ஓட்டுக்குள் இருந்தால் அது சத்தமில்லாமல் தின்னும். புதனும் ஞாயிறும் வண்டி வராது என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அப்போது பார்த்து அத்தை அவளை, வருஷப் பிறப்புக்கு வாசலில் ஒட்டும் சிவப்புக் காகிதம் வாங்க அனுப்பிவிட்டாள்.

வருஷக் கடைசிக் குப்பை குவியும் என்று அந்தப் புதன் மட்டும் வண்டி உண்டு. அறிவிப்பு என் கடைக் கண்ணாடியில்தான் ஒட்டியிருந்தது. வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் குப்பை வண்டி விவரத்தை யார் சொல்வார்கள்?

பாட்டு கேட்டது. என் பையோடு சியூ-கிம்மின் பையையும் எடுத்தேன். வழக்கத்தைவிட லேசாக இருந்தது. வியாபாரம் மந்தம் போல. முடிச்சு தளர்ந்திருந்ததால், வழியில் சிந்தக் கூடாதே என்று இறுக்கி இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

வண்டியருகே பாட்டு இரண்டாகக் கேட்டது. ஒன்றின் பின்னால் இன்னொன்று, அரை மூச்சு பிந்தி.

“ஏம்ப்பா, உன் ஸ்பீக்கர் ரெண்டு தடவ பாடுதே.”

“வருஷப் பொறப்பு போனஸ்க்கா!” என்று வண்டிக்காரப் பையன் சிரித்தான்.

நானும் சிரித்துக்கொண்டே பையை வீசினேன். அவன் விசையை அழுத்தினான். இரும்புத் தட்டு இறங்கி எல்லாவற்றையும் உள்ளே தள்ளியது.

திரும்பி வந்தபோது வென்-லிங் வாசலில் நின்றாள். கையில் சிவப்புக் காகிதச் சுருள்.

“இங்க இருந்த பை?”

“போட்டுட்டேன்டி.”

“இன்னிக்குப் புதன்கிழமை, சித்தி.”

இரண்டாவதாகக் கேட்ட பாட்டு யாருடையது என்று அப்போதுதான் உறைத்தது. ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தேன். மூன்று சந்து தள்ளி வண்டி நின்றிருந்தது.

“என்னக்கா விழுந்துடுச்சு, மோதிரமா?”

“உசுருப்பா. இந்தப் பிள்ளை வளர்த்த உசுரு.”

அவன் முகம் மாறியது. ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினான். பையோடு நின்ற சனங்களும் பேச்சை நிறுத்தினார்கள். வண்டியின் வயிற்றுக்குள்ளிருந்து, கரகரவென்று, அந்தப் பாட்டு வந்தது.

அவன் சுவிட்சை மறுபடி பார்த்தான். அணைந்துதான் இருந்தது.

“தொறந்து விடுப்பா!”

“இங்க தொறக்க முடியாதுக்கா. உள்ள நாலு டன் அழுத்திக் கெடக்கு. ஆலையில போய்க் கொட்டினாத்தான். கொட்டினா நேரா எரிக்கிற குழிக்குள்ள போயிடும். சத்தியமா என் கையில ஒண்ணும் இல்லக்கா.”

நான் அவனைத் திட்டினேன். திட்ட வேறு யாரும் கிடைக்கவில்லை. வென்-லிங் யாரையும் பார்க்கவில்லை. வண்டித் தகரத்தில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடினாள். உள்ளிருந்து பதில் வந்தது. மறுபடி பாடினாள். மறுபடி வந்தது. மூன்றாவது முறை பாதியில் நின்றுபோனது.

மிச்சத்தை அவளே பாடி முடித்தாள்.

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. சனங்கள் தயங்கித் தயங்கி, பைகளை வீசாமல் மெதுவாக வைத்தார்கள். பையன் எங்களைப் பார்த்துத் தலைகுனிந்துவிட்டு வண்டியை நகர்த்தினான்.

“சித்தி, அது கூப்பிட்டுச்சு. நான் வந்துட்டேன்ல?”

“வந்துட்டடி.”

“கீழ கொண்டுவந்து வச்சது நான்தானே.”

முடிச்சை இறுக்கியது நான் என்று சொன்னேன். அவள் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். என் முதுகில் சாய்ந்துகொண்டாள், வீடு வரைக்கும் அழவேயில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டு கேட்டால் எனக்குக் கால் எழும்புவதில்லை. பையைக் கட்டி வாசற்படியில் வைத்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே உட்கார்ந்துவிடுவேன். வென்-லிங்தான் எடுத்துப் போகிறாள். என்னுடையது, அத்தையுடையது, கேட்காமலே மற்ற வாசல்களில் இருப்பதையும். வண்டிக்காரப் பையன் இப்போது அவளுக்காக மட்டும் காத்திருக்கிறான். போடுவதற்கு முன் ஒவ்வொரு பையாக முடிச்சை அவிழ்த்து, அடிவரை கையை விட்டுத் துழாவிப் பார்க்கிறாள்.