அக்காவின் பதினோரு தலைப் பவளம்

பல் டாக்டருக்குக் கை சும்மா இருக்காது. நோயாளியின் வாய்க்கு அது நல்லதுதான், மீன்தொட்டிக்கு ஆகவில்லை.

கப்பலில் இன்ஜினியராக இருக்கும் அவருடைய அக்கா, ஆறு மாதப் பயணம் கிளம்பும்போது தன் ஊதாப் பவளத்தைத் தம்பியின் கிளினிக்கில் இருக்கும் கடல்நீர்த் தொட்டியில் விட்டுப் போனாள். கிளைக்கு ஒன்றாகப் பதினோரு தலை. ஒவ்வொன்றும் மெத்தென்ற விரல்களை நீட்டி ஆடும். "ஆறு வருஷம் வளத்தது. பத்திரமா பாத்துக்கோடா" என்று சொல்லித்தான் போனாள். நாலாம் மாதம் பாறையெல்லாம் பச்சைமுடியாகப் பாசி மண்டி, ஏழு தலை வெறும் வெள்ளை எலும்பாகிவிட்டது. அக்கா வர இன்னும் இரண்டே மாதம்.

அவர் செய்யாத வைத்தியம் இல்லை. விளக்கு, தீனி, மருந்து எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினார். காலையில் முதல் நோயாளி வருமுன் தொட்டிக்குள் கைவிட்டு, டூத்பிரஷ்ஷால் பாறைகளுக்குப் பல் விளக்கினார். பிய்ந்த பாசி மிதந்துபோய் ஒதுங்கிய இடத்திலெல்லாம் முளைத்தது.

கடைசியில் தொட்டி பராமரிக்கும் பெண்ணை அழைத்தார். ஊரில் அவளுக்குத் தொட்டி டாக்டர் என்றே பெயர். வந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேடிக்கை பார்க்கவா வந்தாள் என்று டாக்டருக்கு எரிச்சல்.

"பாசிக்குத் தீனியாகுற பாஸ்பேட் தண்ணியில பூஜ்யம்மா. நானே டெஸ்ட் பண்ணேன்."

"வர்றதையெல்லாம் பாசி தின்னுடுது. அப்புறம் டெஸ்ட்ல எப்படித் தெரியும்? சரி, தண்ணி குறைஞ்சா எதை ஊத்துறீங்க?"

"கிளினிக் ஃபில்டர் தண்ணி. சுத்தமானது."

அவள் தொட்டியை விட்டுவிட்டு, ஊற்றுவதற்கென்று வாளியில் பிடித்துவைத்திருந்த அந்த ஃபில்டர் தண்ணீரைச் சோதித்தாள். பாஸ்பேட் ஏராளம் என்று சோதனைக் குழாய் கருநீலமானது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே டீ வடிகட்டியின் நிறம்.

"தேஞ்சு போச்சு டாக்டர். குழாய்த் தண்ணி அப்படியே வருது. பாசிக்குத் தினமும் நீங்களேதான் உரம் போட்டிருக்கீங்க."

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. டாக்டரின் எரிச்சல் எங்கே போனதோ தெரியவில்லை. இருபது வருடமாக நோய் பார்ப்பவர், நோய் வந்த வழியை இவ்வளவு நிதானமாகத் தேடுகிற ஆளை அன்றுதான் கண்டார்.

"அப்ப மத்ததையும் இன்னிக்கே மாத்திடலாமா?"

"ஒரு பல்லு வலிச்சா எல்லாப் பல்லையும் பிடுங்குவீங்களா? வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு. இந்த வாரம் ஃபில்டர். அந்த பிரஷ்ஷை இங்க குடுங்க."

அடுத்த வாரம் பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தனி வாளியில் கடல்நீர் வைத்துத் தேய்த்தாள். மூன்றாம் வாரம் பாசி மேய இருபது நத்தைகளை விட்டாள். நான்காம் வாரம் வெறுங்கையோடு வந்தாள்.

"இந்த வாரம் என்ன?"

"ஒண்ணும் செய்யக்கூடாது. அதுதான் வேலை."

அதைவிடக் கஷ்டமான வேலையை அவர் செய்ததில்லை. பதறாத காரியம் சிதறாது என்று நோயாளிகளுக்குச் சொல்பவர்தான். தொட்டி முன்னால் நிற்கும்போது கைகளைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார். அதுவே பழக்கமாகிவிட்டது. பாறைகள் மெல்லத் தெளிந்தன. மிஞ்சிய நான்கு தலைகளும் மறுபடி விரல் நீட்டின.

அக்கா துறைமுகத்திலிருந்து நேராக வந்தாள், கையில் பவளத்தை எடுத்துப்போக ஒரு பெட்டியோடு. அவள் தொட்டியைப் பார்க்குமுன் அவரே சொல்லிவிட்டார்.

"ஏழு தலையைச் சாகடிச்சிட்டேன்க்கா. தப்பு என்னோடதுதான்."

அவள் தொட்டியிடம் போனாள். கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு கிளையின் அடியைக் காட்டினாள். அரிசி அளவில் ஊதாவாக ஒரு மொட்டு. தினமும் பார்த்த அவர் கண்ணில் அது படவே இல்லை.

"அஞ்சாவது தலைடா" என்றாள். பெட்டியைக் கீழே வைத்தாள். "இப்ப நகத்தினா சுருங்கிடும். உன்கிட்டயே இருக்கட்டும்."

"என்னை நம்பியா?"

"வந்ததுலேருந்து பாக்கெட்லேருந்து கையை எடுக்கவே இல்லையேடா நீ. அதை நம்பித்தான்."