மேசை விசிறி திரும்பியிருந்த பக்கம்

"என்னங்க, இங்க வாங்க. சீக்கிரம் வாங்க."

குரலைக் கேட்டதும், ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு அவள் கணவன் ஓடிவந்தான். கணினித் திரை கறுத்துக் கிடந்தது. பெட்டிக்குள் விசிறிகள் மட்டும் எதுவுமே நடக்காதது போலச் சுற்றிக்கொண்டிருந்தன.

"ரெண்டரிங் ஓடிட்டிருந்துச்சு, படம் ஒவ்வொரு சட்டமா உருவாகிட்டிருந்துச்சு. படத்துல பையனோட கட்டில் ஆபரேஷன் தியேட்டர் கதவுகிட்ட வந்துச்சு. அவ்வளவுதான், பொசுக்குன்னு போயிடுச்சு."

"அணைச்சுப் போடு."

"எத்தனை தடவை போடறது? விரல் தேஞ்சதுதான் மிச்சம்."

அது குழந்தைகளுக்கான கார்ட்டூன். அறுவை சிகிச்சைக்குப் போகிற பிள்ளை பயப்படாமலிருக்க, அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று சொல்லும் படம். வேலையை விட்டபின் அவள் சொந்தமாக எடுத்த முதல் ஒப்பந்தம். நாளைக் காலை ஆஸ்பத்திரியின் புது வார்டில் திரையிடுகிறார்கள். இன்று சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். படம் செய்யும் மென்பொருளோ உரிமப்படி இந்த ஒரு கணினியில்தான் திறக்கும். உரிமத்தை வேறொன்றுக்கு மாற்றித் தரவேண்டிய அலுவலகத்துக்கு இன்று விடுமுறை.

கணவன் முகத்தைத் துடைத்தும் துடைக்காமலும் அவனுடைய அக்காவுக்குப் போன் போட்டான். கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள். பையும் கையுமாக வந்து, செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"யாரு இதைத் தொட்டது?"

"யாரும் தொடலக்கா. தானாத்தான் கெட்டுப்போச்சு."

"தானா கெட்டுப்போக இது என்ன பாலா?"

நாத்தனார் பெட்டியைத் திறந்து வேலையில் இறங்கினாள். மெமரியைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினாள். தான் கொண்டுவந்த பவர் சப்ளையை இணைத்துப் பார்த்தாள். என்ன செய்தும் மதர்போர்டின் ஓரத்தில் அதே சிவப்பு விளக்கு எரிந்தது.

"மெமரி நல்லாருக்கு. கரண்டும் ஒழுங்கா வருது. பிராசஸர்தான் போயிடுச்சு."

பிராசஸரின் மேல் உட்கார்ந்து சூடு தணிக்கும் கூலரை வெடுக்கென்று இழுக்கப்போன தம்பியின் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"இழுத்தா கீழ இருக்கிற பிராசஸரும் பிடுங்கிட்டு வரும்டா. அதோட ஊசி ஒடிஞ்சு போர்டுல மாட்டிக்கிட்டா யார் எடுக்கிறது? முடி காயவைக்கிற மிஷினைக் கொண்டா."

சூடான காற்றைக் காட்டி, கூலரை மெல்லத் திருகி எடுத்தாள். அடியிலிருந்த சூடு கடத்தும் பசை கருகி, காய்ந்த சேறு போல வெடித்திருந்தது. அதைப் பார்த்ததும் அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஓவர்கிளாக் பண்ணினியா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"இவ படம் சீக்கிரம் முடியட்டுமேன்னு... வேகத்தைக் கொஞ்சூண்டு கூட்டினேன்க்கா. வோல்டேஜ் ஒண்ணு புள்ளி மூணுதான் வச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

"சஸ்பென்ஸா இருக்கட்டும்னு..."

"ரொம்ப நல்லாருக்கு சஸ்பென்ஸ். என் பொழப்பு அந்தரத்துல நிக்குது."

"சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க." நாத்தனார் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தாள். "இது என் கடையில பில் போடற கணினியோட பிராசஸர். இதே ரகம். இன்னைக்கு வேற எங்கயும் கிடைக்காது. இதுவும் போச்சுன்னா என்னைத் திட்டாதீங்க."

அதன் மூலையிலிருந்த பொன்னிற முக்கோணக் குறி போர்டின் குறியோடு பொருந்தும்படி பார்த்து வைத்தாள். அழுத்தாமலே ஊசிகள் இறங்கின. பூட்டும் பிடியைச் சாய்த்து, பட்டாணி அளவு பசை வைத்து, கூலரைத் திருகிப் பூட்டினாள்.

"இந்த போர்டு பழைய வேகம், வோல்டேஜ் கணக்கை மறக்காது. பட்டன் பேட்டரியைக் கழட்டி மாட்டினாத்தான் மறக்கும். அது கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில இருக்கு, திரும்ப எல்லாத்தையும் பிரிக்கணும்."

"வேண்டாம் அண்ணி. நேரமே இல்ல."

"சரி. ஒண்ணு புள்ளி மூணுதானே, தாங்கும். ஆன் பண்ணிட்டு செட்டிங்குக்குள்ள போய்க் குறைச்சுக்கலாம்."

கணவனின் விரல் பொத்தானை நோக்கிப் போனது. நாத்தனார் பழைய பிராசஸரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து முணுமுணுத்தாள்.

"ஒண்ணு புள்ளி மூணுக்கு இப்படிக் கருகாதே..."

மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அவளுடைய அண்ணன் வந்திருந்தான். 'சும்மா பாக்கறேன்' என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்தான். புழுக்கம் என்று மேசை விசிறி கேட்டான். அவள் டீயோடு வந்தபோது அண்ணனுக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. விசிறி கணினிப் பெட்டியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"கையை எடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அவன் விரல் அப்படியே நின்றது. அவள் அண்ணனைப் போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை என் கணினியில என்ன பண்ணின?"

"நானா? நான் ஒண்ணும் பண்ணலையே."

"விசிறி யாருக்கு வச்ச?"

அவள் போனை வாயருகே கொண்டுபோனாள்.

"அண்ணே, பழைய பிராசஸர் செத்துப்போச்சு. புதுசை மாட்டி, பொத்தான் மேல கையை வச்சிட்டு நிக்கிறோம். நீ சொல்ற பதிலை வச்சுத்தான் இது பிழைக்கணும்."

"மாப்பிள்ளை ஏற்கெனவே ஏத்தி வச்சிருந்தாரு," அண்ணன் குரல் இறங்கியது. "அவரை மிஞ்சணும்னு ஒரு ஆசை. ஒண்ணு புள்ளி அஞ்சு அஞ்சு வச்சேன். சூடாகி சூடாகி நின்னுச்சு. அதான், சூடானா நிக்கிற அந்த ஏற்பாட்டையும் எடுத்துவிட்டுட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே மச்சான்!"

"நீங்களே சொல்லாம வச்சிருந்தீங்க மாப்பிள்ளை. நான் எப்படிச் சொல்றது? மரியாதை இல்லையா?"

"உங்க மரியாதையில கொள்ளியை வைக்க," என்றாள் நாத்தனார். அவள் முகம் வெளுத்திருந்தது. "ஆன் பண்ணியிருந்தா நான் உள்ள போய்க் குறைக்கிறதுக்குள்ள இதுவும் வெந்திருக்கும். பிளக்கைப் பிடுங்குடா."

"பேட்டரியைக் கழட்டிடுங்க அண்ணி," என்றாள் மனைவி. "நேரம் போனாப் போகட்டும்."

கிராபிக்ஸ் கார்டு வெளியே வந்தது. காசு போன்ற அந்தப் பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து, நாத்தனார் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். போர்டு மறக்கட்டும் என்று கொஞ்ச நேரம் எண்ணினாள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினாள்.

"நீயே போடு," என்றாள் மனைவியிடம்.

அவள் அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. நாத்தனார் பிளக்கின் மேல் கை வைத்தாள். விளக்கு அணைந்தது, திரையில் வெளிச்சம் வந்தது.

"எந்த வேகத்துல ஓடும் அண்ணி?"

"அது பிறந்த வேகத்துல. முடிச்சுடலாம், மயிரிழையில."

கதவு தட்டப்பட்டது. படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வண்டியோடு அண்ணன் வந்திருந்தான், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல். மாப்பிள்ளையும் மச்சானும் கணினியின் இரண்டு பக்கமும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்னங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அண்ணே, நீயும்தான்."

அவள் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. படம் ஊர்ந்துகொண்டிருந்தது. பையனின் கட்டில் கதவருகே வந்தது. அவள் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்தாள்.

கதவு திறந்தது. கட்டில் உள்ளே போனது.