உடைந்த சொண்டு

பெற்றிசியாவைப் பற்றி இனி யாரும் என்னிடம் நல்லது சொல்ல வரவேண்டாம். பதினெட்டு வருடம் ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். என் மனிசன் சிங்கராசா காய்ச்சலில் கண்ணை மூடிய பிறகு, மகளையும் கீரிக் கிராமத்தில் கட்டிக் கொடுத்த பிறகு, இந்தத் தாழ்வுபாட்டு ஊரில் மனதில் கிடப்பதைச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் அவள். கறிக்கு உப்புக் கூடினாலும் அவளிடம்தான் சொல்வேன், மகள் முகத்தைத் திருப்பினாலும் அவளிடம்தான் போய் அழுவேன். ‘அன்ரோனெற்றக்கா’ என்று அவள் கூப்பிட்டால் கூடப்பிறந்தவள் கூப்பிட்ட மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவள் செய்த வேலையைக் கேளுங்கள்.

எல்லாம் என் கோழியில் தொடங்கியது. புள்ளிச்சி என்று பெயர். சிரிக்க வேண்டாம், தனியாக இருக்கிறவளுக்கு வீட்டில் காலைச் சுற்றி நடமாடும் சீவன் ஒன்று வேண்டும்தானே. நான் கிணற்றடிக்குப் போனால் அதுவும் கிணற்றடிக்கு வரும், அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்கு வரும். சொன்ன சொல் கேட்காது. அதில் அது என்னைப் போலத்தான்.

புதுவருடம் பிறந்து இரண்டு கிழமை இருக்கும். காலையில் நான் பானை மினுக்கிக்கொண்டிருந்தேன். வேலிப் பொட்டுக்குள்ளால், அதாவது நாங்கள் இரண்டு பேரும் வந்து போக ஓலையை விலக்கி வைத்திருந்த வழியால், பெற்றிசியா ஓடி வந்தாள். கையில் புள்ளிச்சி. மேற்சொண்டில், அதுதான் மேல் அலகில், முன்பாதியைக் காணவில்லை. நாக்கு வெளியே தெரிந்தது. அவளுடைய சட்டையெல்லாம் இரத்தம்.

“மீராசாஹிபு நானாவின்ர மோட்டச்சைக்கிள் அடிச்சுப்போட்டுது அக்கா. திரும்பிப் பாக்காமலே போயிட்டார்” என்றாள். சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதாள்.

நம்பாமல் என்ன செய்வது? மீராசாஹிபு மன்னார் ரவுணிலிருந்து கருவாடு எடுக்க வருகிற முஸ்லிம் யாவாரி. கிழமைக்கு இரண்டு நாள் எங்கள் ஒழுங்கையால் போவார். அன்றும் சற்று முன்புதான் பெற்றிசியாவின் வளவுக்கு முன்னால் அவருடைய சைக்கிள் சத்தம் கேட்டது. கோழியை வாங்கி, காயத்தில் கோப்பித்தூளை அப்பி இரத்தத்தை நிறுத்தினேன். பிறகு இவள் அழுத அழுகையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் கோழி சாகக் கிடக்கிறது, நான் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிச் சீனி கலக்கிக் கொடுத்தேன். எனக்கு விசர் என்று அப்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மீராசாஹிபு வந்தார். ஒழுங்கைக்கு நடுவில் போய் மறித்துக்கொண்டு நின்றேன். கருவாடு காயவிட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் எஞ்சினை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, என்ன தங்கச்சி என்று கேட்டார். அவ்வளவுதான், நான் தொடங்கிவிட்டேன். கண் தெரியாதா, வாயில்லாச் சீவனை அடித்துவிட்டுத் திரும்பியும் பாராமல் போக எப்படி மனம் வந்தது என்று தலைகால் தெரியாமல் கத்தினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெற்றிசியாவின் வளவுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். அவள் குனிந்து மீன் திருப்பிக்கொண்டிருந்தாள். அவர் தயங்கியது என் கோபத்துக்கு இன்னும் எண்ணெய் வார்த்தது.

“உங்களையெல்லாம் திரும்பி வர விட்டதுதான் பிழை” என்றேன்.

அது என்ன சொல் என்று இந்த மன்னார்த் தீவில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறாம் ஆண்டு புலிகள் இயக்கம் போகச் சொன்னதென்று, உடுத்த உடுப்போடு வள்ளத்தில் ஏறிப் போன சனம் அவர்கள். மீராசாஹிபுவும் அவருடைய மனிசி ஹிதாயாவும் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருபது வருடம் கிடந்துவிட்டு, சண்டை முடிந்த பிறகுதான் வந்தவர்கள். அந்த மனிசனைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். அதன் பிறகு எங்கள் ஒழுங்கைக்குள் அவர் வரவே இல்லை. கோயிற்சந்தியில் நிற்பார், பெண்கள் உரப்பையைச் சுமந்துகொண்டு அங்கே போவார்கள்.

சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியுமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பெற்றிசியா என் தோளைத் தட்டி, நல்லாத்தான் கேட்டீங்கள் அக்கா என்றாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மனதை ஆற்றிக்கொண்டேன்.

பிறகு பத்துக் கிழமை புள்ளிச்சியோடு நான் பட்ட பாடு. மேற்சொண்டு இல்லாத கோழியால் நெல்லைக் கொத்த முடியாது. கொத்தும், விழும், திரும்பக் கொத்தும். பசியில் கிடந்து நிலத்தை வெறுமனே இடித்துக்கொண்டிருக்கும். மற்றக் கோழிகள் காயத்தைக் கண்டால் விடாது, அதையே தேடிக் கொத்தும். அதனால் அடுப்படி மூலையில் பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்து அதைத் தனியாக வைத்தேன். உப்புத் தண்ணீரைச் சூடாக்கி ஆறவைத்துக் காயத்தைக் கழுவினேன். குரக்கன்மாக் கஞ்சி, அவித்த முட்டை மஞ்சட்கரு, ஊறவைத்து மசித்த சோறு, இப்படி ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தேன். தட்டையான பாத்திரத்தில் வைத்தால் அள்ள முடியாது, ஆழமான சிரட்டையில் வைத்தால் கீழ்ச்சொண்டால் அள்ளி விழுங்கும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு கிழமை போனது. மிருக வைத்தியரிடமும் கொண்டு போனேன். வேர் சாகவில்லை, மெல்ல மெல்ல வளரும், அதுவரைக்கும் கீழ்ச்சொண்டு நீண்டுவிடாமல் தேய்த்துக்கொண்டிருங்கோ என்றார். நகம் தேய்க்கிற அரத்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் கோழிக்குச் சொண்டு தேய்த்தவள் இந்தத் தீவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கஞ்சியை வாயில் தீத்தும்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். பெற்றிசியா ஒரு நாள் தவறாமல் வந்தாள். செட்டை இரண்டையும் ஒடுக்கி மடியில் வைத்துக்கொள்வாள். ஆனால் அவள் கை பட்டவுடனே கோழி காலால் விறாண்டும், துடிக்கும், கழுத்தை முறுக்கும். என்னிடம் அப்படிச் செய்யாது. உனக்காக எவ்வளவு செய்கிறாள், நன்றி கெட்டதே என்று அதன் முதுகில் இரண்டு தட்டுக்கூடத் தட்டியிருக்கிறேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பரிசுத்த வாரம் வந்தது. தபசுகாலம் முடிவதற்குள் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். எனக்கு முன்னால் அவள் போனாள். வெளியே வந்து மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து எதையோ முணுமுணுத்தாள். நானும் முடித்துக்கொண்டு வர, சேர்ந்து வீட்டுக்கு நடந்தோம். அவளுக்கு நடையே மாறியிருந்தது. துள்ளாத குறை.

“இப்பத்தான் மனசு லேசாக் கிடக்குது அக்கா. அந்தக் கோழியின்ர விஷயத்தையும் சுவாமியிட்டச் சொல்லிப்போட்டன்” என்றாள்.

எந்தக் கோழியின் என்ன விஷயம் என்று கேட்டேன். கேட்கும்போதும் எனக்கு ஒரு நினைப்பும் இல்லை, சும்மாதான் கேட்டேன். அவளும் சும்மா சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். அன்றைக்குப் புள்ளிச்சி காயவிட்ட மீனைக் கொத்தியதாம். இரண்டு தரம் கலைத்தும் போகவில்லையாம். கோபத்தில் கையில் கிடந்த பனைமட்டையால் எறிந்தாளாம். சொண்டில் பட்டுவிட்டதாம். என் வாய்க்குப் பயந்து மீராசாஹிபுவின் தலையில் போட்டுவிட்டாளாம்.

நான் நின்றுவிட்டேன். அவள் நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏன் என்னட்டச் சொல்லேல்லை?”

“அதுதான் சுவாமியிட்டச் சொல்லிப்போட்டனே அக்கா. அவர் மன்னிச்சுப்போட்டார். மூண்டு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னவர், அதையும் சொல்லி முடிச்சிட்டன். பிறகென்ன?”

பிறகென்ன என்று கேட்டாள். நாக்கூசாமல் கேட்டாள். அவள் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. உண்மையாகவே எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கடவுளுக்கும் அவளுக்கும் இடையில் கணக்குச் சரி, நடுவில் நான் ஒருத்தி இருப்பதே அவளுக்கு நினைவில்லை. சுவாமியைக் குறை சொல்லமாட்டேன். அவரிடம் கோழிக்கு அடித்தேன் என்று மட்டும் சொல்லியிருப்பாள், மிச்சத்தை விழுங்கியிருப்பாள்.

நான் அவளைக் கடந்து விறுவிறென்று வீட்டுக்கு வந்தேன். பேசத் தொடங்கியிருந்தால் தெருவே கூடியிருக்கும். அடுப்படியில் உட்கார்ந்து புள்ளிச்சியை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். பத்துக் கிழமையாக அந்த வாயில்லாச் சீவன் தன்னால் முடிந்தவரைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான்தான் அதன் முதுகில் அடித்திருக்கிறேன். என் துக்கத்தையெல்லாம் கொட்டி வைத்த இடம் பொய்யாகப் போய்விட்டது. புருசன் செத்தபோதுகூட எனக்கு இப்படி யாரும் இல்லை என்று தோன்றவில்லை.

அழுது முடிய மீராசாஹிபுவின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. அடுத்த நாள் காலை பஸ்ஸில் ரவுணுக்குப் போய், மூர்வீதியில் விசாரித்து அவருடைய வீட்டைக் கண்டுபிடித்தேன். ஹிதாயா கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் முகம் மாறியது, ஆனாலும் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் சாரத்தைச் சரிசெய்துகொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

நான் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைக் கொட்டினேன். பெற்றிசியா எறிந்தது, பெற்றிசியா பொய் சொன்னது, பெற்றிசியா என்னை முட்டாளாக்கியது. அவளால்தான் நானா, அவளை நம்பித்தான் நானா என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது.

“எனக்குத் தெரியும் தங்கச்சி. அவ எறிஞ்சதை நான் கண்டனான்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்டிருந்தால் அன்றைக்கே ஒழுங்கையில் வைத்துச் சொல்லியிருக்கலாமே, நீங்களும் சேர்ந்து என்னை ஏமாற்றினீர்களா என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் முன்னால் வந்தது.

“சொல்லத்தான் வாயெடுத்தனான். அதுக்குள்ள நீங்க அந்தக் கதையச் சொல்லிட்டீங்க. அதுக்குப் பிறகு கோழியப் பற்றிக் கதைக்க என்ன கிடக்கு?” என்றார். பிறகு சொன்னார். “நாங்க திரும்பி வந்து, யாவாரத்துக்கு முதல் நாள் உங்கட ஒழுங்கைக்கு வந்தப்ப, எப்பிடி முகம் குடுப்பாங்களோ எண்டு பயந்து பயந்துதான் வந்தனான். நீங்கதான் கூப்பிட்டு இருத்தித் தண்ணி தந்த நீங்க. வீட்ட வந்து இவளிட்டச் சொன்னனான், அங்க எங்களுக்கு ஒரு ஆள் இருக்கு எண்டு.”

உள்ளே ஹிதாயா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

அந்தத் தண்ணீர் எனக்கு ஞாபகமே இல்லை. வெயிலில் வந்த யாருக்கோ ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்திருப்பேன். பெற்றிசியாவைப் பற்றிச் சொல்ல இன்னும் எவ்வளவோ வைத்திருந்தேன், அதையெல்லாம் விட்டுவிட்டேன். கோழியை அடித்தது அவள், பொய் சொன்னது அவள். ஒழுங்கையில் சொன்ன அந்தச் சொல்லை என் வாயில் யாரும் வைக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கோ நானா என்று சொன்னேன். அவர் தலையாட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உங்கட பஸ்ஸுக்கு நேரமாகுது என்றார்.