கிளி லேபிளும் ஓர் இலவச சிடியும்

1

மணிகண்டராஜ் சிடியை வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தான். சந்தனம் வந்தது. குங்குமம் வரவில்லை.

"ஏங்க, சீக்கிரம். பலவேசம் அண்ணாச்சி வந்து உக்காந்துட்டாக," என்றாள் மனைவி சுகிர்தா.

(இங்கே நிறுத்துகிறேன். இந்தக் கதை எனக்கு விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் சிடிக்குப் பொட்டு வைத்த வீட்டைப் பற்றி ஒரு வரி சொன்னார். மற்றதெல்லாம் என் கைவேலை. பட்டாசு வட்டாரத்துக் கதை என்றதும் வாரப் பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டார்: "எந்த அத்தியாயத்துல வெடிக்குது?" எதுவும் வெடிக்காது சார் என்றேன். லைனைக் கட் செய்துவிட்டார்.)

2

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன். 'அந்த சிபியுவைத் திறந்தபோது உள்ளே ஒரு மனித விரல்' வேண்டாம். 'விடுதலை தபாலில் வந்தது.' மோசமில்லை, ஆனால் கட்டுரை வாடை.

நடந்தது இதுதான். 2006, தீபாவளி சீசன். வெளிநாட்டிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றும் லினக்ஸ் சிடி ஒன்று, இலவசமாக, மணிகண்டராஜ் பெயருக்குத் தபாலில் வந்தது. மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போய்வந்ததிலிருந்து மென்பொருள் விடுதலை என்றால் அவனுக்கு உயிர். வீட்டில் யாரையும் கேட்காமலேயே எல்லோருக்கும் விடுதலை வாங்கித் தருவதென்று முடிவெடுத்துவிட்டான்.

புதுச் சாமான் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் புழங்காத வீடு அது. கிரைண்டர், பைக் வரிசையில் சிடிக்கும் அவன் அம்மா ஆவுடைத்தாய் பொட்டு வைத்து, பத்திரமாக உறைக்குள் போட்டுவிட்டாள். அவன் பார்க்காமல் எடுத்துச் சொருகினான். திரையில் வந்த கேள்விகளுக்கெல்லாம் படிக்காமல் 'சரி' கொடுத்தான். பழைய விண்டோஸ் அழிந்தது. லினக்ஸ் பாதி ஏறும்போது சிடி டிரைவ் முக்கி, முனகி, நின்றது. வெளியே இழுத்தால், பளபளக்கும் பக்கத்தில் பொட்டு.

"ஏம்மா, அந்தப் பக்கமா வைப்பாக?"

"எழுத்து இருக்க பக்கம் சரஸ்வதில்லா. அதுல போயி விரல வைக்கச் சொல்லுதியாலே?"

ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் இருந்த C பகுதி போனது உறுதி. D பிழைத்ததா, யாருக்கும் தெரியாது.*

*காப்பி எடுத்து வைத்திருக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் பேக்கப் என்பது 'எடுக்கணும், எடுக்கணும்' என்று சொல்லப்படுவது.

3

D-யில்தான் சுகிர்தாவின் சரவெடி லேபிள் இருந்தது. இதுவரை அவள் வரைந்த லேபிள்களெல்லாம் மாமனார் தங்கச்சாமியின் அச்சகப் பெயரில்தான் போயின. இது அவள் பெயருக்கே வந்த முதல் ஆர்டர். இன்றைக்குக் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அவள் மறுபடியும் மாமனார் பெயரில் வரைய வேண்டியதுதான்.

பலவேசம், சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி மேனேஜர். (வில்லனாக்கலாம் என்று பெரிய மீசை வைத்தேன். ஆள் அதற்கு ஒத்துவரவில்லை. எடுத்துவிட்டேன்.)

"தாயி, நான் கேட்டது சின்ன வேல. அந்தக் கிளி லேபிள் இருக்குல்லா, அதே கிளி, அதே செவப்பு. பேரு மட்டும் நம்மது."

"அது அடுத்த கம்பெனிக்காரக கிளி, அண்ணாச்சி."

"பறந்து வந்துட்டுன்னு வச்சுக்கயேன்."

மணிகண்டராஜுக்குத் துடைக்கிற கையோடு உற்சாகமும் வந்துவிட்டது. "அண்ணாச்சி, இந்த லினக்ஸ யாரு வேணும்னாலும் காப்பி எடுக்கலாம், மாத்தலாம், அடுத்தவகளுக்கும் குடுக்கலாம். அதான் இதோட கொள்கையே."

பலவேசம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இதுக்குக் கொள்கைன்னு வேற பேரா? நாங்க எம்புட்டு வருசமா செய்யுதோம். ஒரு பய கூட்டம் போட்டுக் கூப்பிடலயே, தம்பி."

"அத எழுதுனவக, எடுத்துக்கோங்கன்னு சொல்லிக் குடுக்காக," என்றாள் சுகிர்தா. "இங்கன கிளிய வரைஞ்சவக சொன்னாகளா?"

பலவேசம் ஃபேனைப் பார்த்தார். மணிகண்டராஜ் சிடிக்குச் சோப்புத் தண்ணீர் எடுக்கப் போனான்.

4

முடிவுகள்:

(அ) D அழிந்துவிட்டது. பலவேசம் எழுந்து போகிறார். மணிகண்டராஜ் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறான். (நம்ப மாட்டீர்கள்.)

(ஆ) D இருக்கிறது. லேபிள் அச்சேறுகிறது. எல்லோரும் கேசரி சாப்பிடுகிறார்கள். (ஆசிரியருக்குப் பிடித்தது.)

(இ) அப்போது சிபியுவிலிருந்து புகை கிளம்ப, பலவேசம் பதறி—

இல்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

5

கழுவிய சிடி சுழன்றது. ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் சிடியிலிருந்தே லினக்ஸ் எழுந்தது. மணிகண்டராஜ் தேடினான். D இருந்தது. அதற்குள் 'பலவேசம் சரவெடி' என்ற பெயரில் ஃபைலும் இருந்தது.

"கெடச்சிருச்சு," என்றான், அதை அழிக்கப் பார்த்தவன் வேறு யாரோ என்பதுபோல்.

"பொட்டு வீணாப் போகுமா?" என்றாள் ஆவுடைத்தாய்.

பலவேசம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். "தொறங்க தம்பி. கிளியப் பாப்போம்."

"மொதல்ல சாப்பிடுவோமே," என்றாள் சுகிர்தா. யாருக்கும் பசியில்லை.

மவுஸ் அவன் கையில். கதை இனி உங்கள் கையில். அவனைத் திறக்க விடுவீர்களோ, கரண்டை நிறுத்துவீர்களோ, என்னிடம் கேட்காதீர்கள். தீர்மானிக்கும் முன், நான் இவ்வளவு நேரம் மறைத்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் வந்த நாளிலிருந்து சுகிர்தா தினமும் அந்த ஃபைலைத் திறந்தாள். கிளியை வைத்தாள். அழித்தாள். இன்று காலை, கணவன் சிடியைச் சொருகியபோதும், அதற்குள் இருந்தது வெறும் வெள்ளைப் பக்கம்தான்.